சின்னப் பிள்ளையளுக்கு அன்ரிபக்டீரியல் சவுக்காரம் தேவையா, அதால மருந்துக்குக் கேளாத கிருமி வருமா?

தங்கச்சி, நீங்கள் எழுதினதை வடிவா வாசிச்சன். மகளின்ர முன்பள்ளியில ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அன்ரிபக்டீரியல் ஹான்ட்வொஷ் போத்தல் கொண்டரோணும் எண்டு சொல்லியிருக்கினம், கனடாவில இருக்கிற மச்சாள் உதை அமெரிக்காவில தடை செய்திட்டினம், உதால மருந்துக்குக் கேளாத கிருமி வரும், பிள்ளையளுக்குக் குடுக்காதை எண்டு வொய்ஸ் போட்டிருக்கிறா, மூண்டாம் வகுப்பு மகனுக்கு அடிக்கடி வயித்தால போகுது, சின்னவளுக்குக் காலில சிரங்கு வந்து வந்து போகுது, இப்ப வாங்கிறதோ விடுறதோ எண்டு கேட்டிருக்கிறியள். நான் விளங்கிக்கொண்டபடி இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்டு, உந்தச் சவுக்காரம் சாதாரண சவுக்காரத்தை விடப் பிள்ளையைக் கூடுதலாக் காப்பாத்துமா. மற்றது, அதைப் பாவிச்சா அன்ரிபயோட்டிக் வேலை செய்யாமல் போறதுக்கு நாங்களும் ஒரு காரணமாகிறமோ. முதலாவதுக்கு உறுதியா மறுமொழி சொல்லலாம், ரெண்டாவதுக்கு அப்பிடிச் சொல்லேலாது. ஆக்கள் ரெண்டையும் ஒண்டாக் குழைச்சுப்போட்டு வட்சப்பில அனுப்பிறதாலதான் உங்களுக்கு இந்தக் குழப்பம்.

நான் டொக்டர் இல்லை. வன்னியில ஆஸ்பத்திரி லாப்பில எம்.எல்.ரி எண்ட ஆய்வுகூடப் பரிசோதகரா கன வருஷம் வேலை செய்தனான், கூடின காலம் கல்ச்சர் பக்கம், அதாவது சலம், சீழ், ரத்தம், மலம் இதுகளில இருந்து கிருமியை வளத்தெடுத்து அது எந்த மருந்துக்குக் கேக்குது எதுக்குக் கேக்கேல்லை எண்டு பாக்கிற வேலை. அதால கிருமியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சொல்லலாம், ஆனா சின்னவளின்ர காலைப் பாக்காமல் அது இன்னதுதான் எண்டு சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அதை டொக்டர்தான் சொல்லோணும்.

முதல் கேள்விக்கு நேராச் சொல்லுறன், இல்லை, கூடுதலாக் காப்பாத்தாது. இதுக்கு நல்ல சாட்சி இருக்கு, அதுவும் வெள்ளைக்கார நாட்டுச் சாட்சி இல்லை, எங்களை மாதிரி வெக்கையும் தண்ணித் தட்டுப்பாடும் ஒரு அறைக்குள்ள கன பேர் படுக்கிற வீடுகளும் உள்ள இடத்துச் சாட்சி. பாகிஸ்தானில கராச்சி நகரத்துச் சேரிகளில செய்த ஆய்வு, 2005ல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்தது. கொஞ்ச வீடுகளுக்குச் சாதாரண சவுக்காரம் குடுத்தவை, கொஞ்ச வீடுகளுக்கு ட்ரைக்ளோகார்பன் எண்ட கிருமிகொல்லி போட்ட சவுக்காரம் குடுத்தவை, கிழமைக்குக் கிழமை போய்க் கை கழுவச் சொல்லிக் குடுத்தவை, இன்னும் கொஞ்ச வீடுகளுக்குச் சவுக்காரம் குடுக்கேல்லை, பதிலாப் பிள்ளையளுக்குக் கொப்பி பேனை மாதிரிச் சாமான் குடுத்தவை. கை கழுவின வீடுகளில 5 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்கு நிமோனியா பாதியாக் குறைஞ்சது. 15 வயசுக்குக் கீழ வயித்தோட்டம் 53 வீதம் குறைஞ்சது. தோலில வாற கொப்புளச் சிரங்கு 34 வீதம் குறைஞ்சது. இவ்வளவும் சவுக்காரம் செய்த வேலை. ஆனா சாதாரண சவுக்காரத்துக்கும் மருந்து போட்ட சவுக்காரத்துக்கும் இடையில குறிப்பிடக்கூடிய வித்தியாசம் ஒண்டும் வரேல்லை. அந்த ஆய்வுக்குச் சவுக்காரமும் காசும் குடுத்ததே சவுக்காரக் கொம்பனிதான், வித்தியாசம் வந்திருந்தா அதை மூடி மறைக்க அவைக்கு ஒரு தேவையும் இல்லை எண்டதையும் யோசிச்சுப் பாருங்கோ. அதுக்கு முதல் வருஷம், 2004ல, நியூயோர்க்கில 238 வீடுகளில 48 கிழமை பாத்த ஆய்வு ஒண்டும் வந்தது, அங்கயும் தடிமன், இருமல், காய்ச்சல், வயித்தோட்டம் எதிலயும் வித்தியாசம் இல்லை.

ஏன் வித்தியாசம் வரேல்லை எண்டா, முதல் விஷயம், சின்னப் பிள்ளையளுக்கு வாற தடிமன், சளி, சாதாரண வயித்தோட்டம் இதுகளில பெரும்பாலானது வைரஸால வாறது, அன்ரிபக்டீரியல் எண்டது பக்டீரியாவுக்கு எண்டு செய்தது. இஞ்ச வயசு வந்த ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும், 2009ல செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுகளில செங்கமாரி பரவினது. அது ஹெப்பட்டைட்டிஸ் ஏ, வைரஸ். மலத்தில இருந்து கைக்கு வந்து, கையில இருந்து தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் போறது. அதை நிப்பாட்ட வேணுமெண்டா மலசலகூடம், தண்ணி, சவுக்காரம் வேணும், சவுக்காரத்துக்குள்ள என்ன மருந்து கிடக்கு எண்டது அந்த வைரஸுக்குப் பொருட்டே இல்லை. ரெண்டாவது விஷயம் நேரம். கொரியாவில செய்து 2015ல வெளிவந்த ஆய்வில, ட்ரைக்ளோசான் எண்ட இன்னொரு கிருமிகொல்லி 0.3 வீதம் போட்ட சவுக்காரத்தையும் வெறும் சவுக்காரத்தையும் 20 வகைப் பக்டீரியாவில போட்டு 20 செக்கனுக்குப் பாத்தவை, வித்தியாசம் இல்லை. லாப்பில அந்த மருந்து வித்தியாசம் காட்டினது 9 மணித்தியாலம் ஊற விட்ட பேந்துதான். சின்னவள் கை கழுவுறது 5 செக்கன். அவளிட்ட அந்த மருந்துக்கு வேலை செய்ய நேரமே இல்லை, கழுவி ஓடிற வேலையைச் செய்யிறது சவுக்காரமும் தண்ணியும் தேய்ப்பும்தான்.

போத்தலில 99.9 வீதம் கிருமியைக் கொல்லும் எண்டு எழுதியிருக்கும். அது பொய் எண்டு நான் சொல்லேல்லை, லாப்பில குறிப்பிட்ட சில கிருமியளை வைச்சு, குறிப்பிட்ட நேரத்துக்குப் பாத்த கணக்கு அது. 10 லட்சம் கிருமியில 99.9 வீதம் போனா 1000 மிஞ்சும். நல்ல சூடும் சாப்பாடும் கிடைச்சா குடலில வாழுற ஈ.கோலை மாதிரிக் கிருமி 20 நிமிஷத்துக்கு ஒருக்கா இரட்டிக்கும், அந்தக் கணக்கில மூண்டரை மணித்தியாலத்துக்குள்ள திரும்பப் பத்து லட்சம். தோலில அவ்வளவு கெதியா வளராது, தோல் காய்ஞ்ச இடம், ஆனாலும் பிள்ளை மண்ணுக்குள்ள விளையாடி ஆட்டுக்குட்டியைத் தூக்கினா 10 நிமிஷத்தில எல்லாம் திரும்ப வந்திடும். ஒருக்காக் கழுவி நாள் முழுக்கக் காப்பு எண்டது நடக்காத கதை. சாப்பிட முதல், மலசலகூடத்தால வந்த பேந்து, மாடு ஆடு கோழி தொட்ட பேந்து எண்டு அந்தந்த நேரத்துக்குக் கழுவுறதுதான் காப்பு.

இப்ப மச்சாள் சொன்ன தடை. 2016 செப்டெம்பரில அமெரிக்காவின்ர எஃப்.டி.ஏ, அதாவது உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், ஒரு முடிவு எடுத்தது, அது 2017 செப்டெம்பரில இருந்து நடைமுறைக்கு வந்தது. ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் உட்பட 19 இரசாயனங்களை வீட்டுப் பாவனைக் கை கழுவுற, குளிக்கிற சவுக்காரங்களில போட்டு விக்கக் கூடாது எண்டு. காரணத்தைக் கவனியுங்கோ. இதுகள் வெறும் சவுக்காரத்தை விட நல்லது எண்டும், கன காலம் ஒவ்வொரு நாளும் பாவிச்சாலும் கேடில்லை எண்டும் நிரூபிக்கச் சொல்லிக் கொம்பனியளிட்டக் கேட்டவை, போதுமான அளவுக்கு நிரூபிக்கப்படேல்லை. மருந்துக்குக் கேளாத கிருமி வரும் எண்ட பயமும் அதுக்குள்ள ஒரு பங்கு, அது மட்டும் இல்லை. அந்த 2016 முடிவு ஆஸ்பத்திரியில பாவிக்கிற சாமானைப் பற்றினது இல்லை. பென்சல்கோனியம் குளோரைட், பென்சிதோனியம் குளோரைட், குளோரோசைலினோல் இந்த மூண்டையும் அப்ப முடிவெடுக்காமல் ஒத்தி வைச்சவை. குளோரோசைலினோல் எண்டது உங்கட வீட்டிலயும் இருக்கும், டெட்டோல் தண்ணியில கிடக்கிறது அதுதான், 4.8 வீதம். அதால "அமெரிக்காவில அன்ரிபக்டீரியல் சவுக்காரமே தடை" எண்டது முழுசாச் சரி இல்லை. போத்தலின்ர பின்பக்கம் சின்ன எழுத்தில என்ன கிடக்கு எண்டு பாருங்கோ, முன்பக்கத்துப் படத்தைப் பாக்காதேங்கோ.

ஒரு விஷயம் எங்கட பக்கத்து ஆக்களுக்கு எண்டே சொல்லோணும். இஞ்ச கன தாய்மார் சொல்லுறது, சவுக்காரக் கட்டி நுரைக்குதில்லை, கை வழுவழுக்கெண்டு கிடக்கு, அந்தத் தண்ணி ஹான்ட்வொஷ் போட்டா நல்லா நுரைச்சு வடிவாப் போகுது, அப்ப அதுதானே நல்லாக் கிருமியைக் கொல்லுது எண்டு. அவை கண்டது உண்மை, காரணம்தான் வேற. வன்னியில கன இடத்துக் கிணத்துத் தண்ணியும் குழாய்க்கிணத்துத் தண்ணியும் வன்மையான தண்ணி, கல்சியமும் மக்னீசியமும் கூட. தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலின்ர அடியில சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் படியிறது அதுதான். சவுக்காரக் கட்டி அந்தக் கல்சியத்தோட சேர்ந்து கரையாத வெள்ளைப் பாடையாப் போயிடும், அது போக மிச்சம்தான் நுரைக்கும், அதால கூடத் தேய்க்கோணும், கோடையில கிணறு அடியில போனா இன்னும் மோசம். ஹான்ட்வொஷ் கூடுதலாச் செய்யிறது வேற விதமான அழுக்கு நீக்கியில, அதுக்குக் கல்சியம் பெரிசாத் தடை இல்லை. கிருமிகொல்லி போடாத சாதாரண ஹான்ட்வொஷும் அப்பிடியேதான் நுரைக்கும். அதால உங்கட கிணறு அப்பிடியெண்டா தண்ணி ஹான்ட்வொஷ் வாங்கிறதில பிழை இல்லை, அன்ரிபக்டீரியல் எண்டு எழுதாததை வாங்குங்கோ. கட்டிதான் வாங்கேலும் எண்டா அதுவும் காணும், இன்னும் கொஞ்சம் தேய்க்கோணும், பிடிச்சு வைச்ச மழைத் தண்ணி இருந்தா அதில நல்லா நுரைக்கும்.

இனி ரெண்டாவது கேள்வி. லாப்பில உறுதியாத் தெரிஞ்சது என்னெண்டு முதல் சொல்லுறன். ட்ரைக்ளோசான் கிருமியைக் கண்டபடி அடிச்சு உடைக்கிற சாமான், அதை எதிர்க்கக் கிருமியால ஏலாது எண்டுதான் கன காலம் நம்பினவை. 1998ல பொஸ்டனில ரஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில ஸ்டூவர்ட் லெவியின்ர ஆக்கள் ஈ.கோலையில காட்டினவை, குறைஞ்ச அளவில அது ஒரு குறிப்பிட்ட நொதியத்தைத்தான் பிடிக்குது, கிருமி தன்ர கொழுப்பைச் செய்யிறதுக்குப் பாவிக்கிற நொதியம், அதில ஒரு சின்ன மாற்றம் வந்தா மருந்து பிடிக்காது எண்டு. அதாவது இது அன்ரிபயோட்டிக் வேலை செய்யிற அதே வழியில வேலை செய்யுது. இன்னும் கவலையான விஷயம், கசநோய்க் கிருமியில அதே வேலையைச் செய்யிற நொதியத்தைத்தான் கசநோய்க்குக் குடுக்கிற ஐசோனியாசிட் மருந்து பிடிக்கிறது, கசநோய்க் கிருமியின்ர இனத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமியில ஒரே மாற்றம் ரெண்டையும் பிடிக்காமல் பண்ணினதை அடுத்த வருஷமே காட்டினவை. பேந்து பம்ப் விஷயம். சில கிருமியளின்ர சுவரில உள்ளுக்கு வந்த நஞ்சை வெளியில தள்ளுற பம்ப் இருக்கு, ஓட்டை வள்ளத்துக்குள்ள ஏறுற தண்ணியை இறைச்சு ஊத்துற மாதிரி. ட்ரைக்ளோசானுக்குள்ள வளர விட்டா அந்தப் பம்ப் கூட வேலை செய்யிற கிருமிதான் தப்பும், அந்தப் பம்ப் சவுக்காரத்து மருந்து, ஊசி மருந்து எண்டு பாத்து இறைக்கிறேல்லை, சிப்ரோ மாதிரி அன்ரிபயோட்டிக்கையும் சேத்து இறைக்கும். சூடோமோனாஸ் எண்ட கிருமியில 2001லயே இதைக் காட்டினவை. பென்சல்கோனியம் மாதிரிச் சாமானுக்கும் எதிர்ப்பு ஜீன் இருக்கு, அது சில நேரம் சல்ஃபா மருந்துக்கு எதிரான ஜீனோட ஒண்டாச் சேர்ந்து ஒரு கிருமியில இருந்து மற்றதுக்குப் போகும்.

மருந்துக்குக் கேளாத கிருமி எண்டா என்னெண்டு கண்ணால பாக்காத ஆக்களுக்கு நான் சொல்லிக் காட்டிறது இதுதான். வட்டப் பிளேட் ஒண்டில மங்கலான மஞ்சள் ஜெலி மாதிரி ஏகார், அதின்ர மேல நோயாளியின்ர கிருமியைப் பஞ்சுக் குச்சியால மூண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பூசிப்போட்டு, குறுணியளவு வட்டக் கடதாசியளை அடுக்கி வைப்பம், ஒவ்வொரு கடதாசியிலயும் ஒவ்வொரு அன்ரிபயோட்டிக். இரவு இன்கியூபேட்டரில வைச்சு விடிய எடுத்தா, மருந்து கேக்கிற இடத்தில கடதாசியைச் சுத்தித் தெளிவான வளையம், அதை அடிமட்டத்தால மில்லிமீற்றரில அளப்பம். கேக்காத இடத்தில கிருமி கடதாசியின்ர விளிம்பு வரைக்கும் வெள்ளைப் புல்லு மாதிரி முளைச்சு ஒட்டிக்கொண்டு நிக்கும், வளையமே இராது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில அப்பிடி ஒரு பிளேட் வந்தா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவம். பேந்து பேந்து, பள்ளிக்கூடம் போற வயசு வராத பிள்ளையின்ர சலத்தில இருந்து வளத்த ஈ.கோலையே வாயால குடுக்கக்கூடிய மருந்து பலதுக்கும் வளையம் காட்டாமல் நிக்கிறது சாதாரணமாப் போச்சு. அப்பிடிப் பிள்ளைக்குப் பாணி மருந்தோட வீட்டை அனுப்பேலாது, வோட்டில வைச்சு ஊசிதான் ஏத்தோணும், கூலி வேலைக்குப் போற தாய் பிள்ளையோட வோட்டில நிக்கோணும். எனக்கு இந்த விஷயத்தில கோவம் வாறது அந்தப் பிளேட்டுகளைப் பாத்ததாலதான்.

ஆனா அந்தப் பிளேட்டுகளுக்குக் காரணம் சவுக்காரம் எண்டு நான் சொன்னா அது நேர்மை இல்லை. இதுதான் சந்தேகமான இடம். லாப்பில நடந்தது வீட்டில நடக்குதோ எண்டு பாக்க, நான் முதல் சொன்ன அந்த நியூயோர்க் வீடுகளிலயே கையில இருக்கிற கிருமியை எடுத்து ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தவை, மருந்து போட்ட சாமான் பாவிச்ச வீட்டில எதிர்ப்பு உறுதியாக் கூடினதாக் காட்டேலாமல் போச்சு. அதை வைச்சு ஒரு ஆபத்தும் இல்லை எண்டும் சொல்லேலாது, ஒரு வருஷம் எண்டது இந்த விஷயத்துக்குச் சின்னக் காலம், தனிய ஒரு வீட்டைப் பாக்கிறதும் காணாது, ஏனெண்டா கழுவின தண்ணி வீட்டோட நிக்கிறேல்லை. அமெரிக்காவில மினசோட்டாப் பக்கத்து ஏரியளின்ர அடிச் சேத்தில ட்ரைக்ளோசான் படிஞ்சு கிடந்ததைக் கண்டவை, அந்த மாநிலம் எஃப்.டி.ஏக்கு முதலே, 2014ல, அதைத் தடை செய்யச் சட்டம் போட்டது. இஞ்ச கை கழுவுற தண்ணி வாழையடிக்குப் போகுது, அல்லாட்டி கிணத்தடியில வாய்க்கால் வழிய மண்ணுக்குள்ள இறங்குது. கிருமியைக் கொல்லக் காணாத குறைஞ்ச அளவில மருந்து கன காலம் மண்ணில நிண்டா எதிர்ப்புள்ள கிருமிக்குத்தான் வாய்ப்பு, அது கொள்கையளவில சரி, எவ்வளவு பெரிய கேடு எண்டது இன்னும் முடிவாகாத விஷயம். என்ர முடிவு என்னெண்டா, நன்மை இல்லை எண்டது உறுதி, கேடு இருக்கலாம் எண்டது சந்தேகம், விலையும் கூட, அப்ப ஏன் வாங்கோணும்? இந்தச் சாமான் உடம்பின்ர ஹோர்மோனைக் குழப்பும், அலேர்ஜி வரும் எண்டும் கதைக்கினம், அதில மிருகங்களில பாத்ததும் தொடர்பு மட்டும் காட்டினதும்தான் கூட, பிள்ளைக்கு இன்னது வரும் எண்டு பயப்படுத்துற அளவுக்கு இல்லை.

எதிர்ப்பு வாறதுக்கு உறுதியாத் தெரிஞ்ச பெரிய காரணம் அன்ரிபயோட்டிக்கைத் தேவையில்லாமலும் பிழையாவும் பாவிக்கிறது, மனிசரிலயும் கோழி மாட்டிலயும். 2019ல மட்டும் மருந்துக்குக் கேளாத பக்டீரியாவால நேரடியா 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் செத்ததா உலகளவில கணிச்சிருக்கினம். எங்கட நாட்டில டொக்டரின்ர துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் விக்கக் கூடாது எண்டுதான் சட்டம், நடக்கிறது எல்லாருக்கும் தெரியும், பிள்ளைக்குத் தடிமன் எண்டு பாமசியில போய் நிண்டா அமோக்சிலின் பாணி கையில வந்திடும். தடிமன் வைரஸ், அமோக்சிலினுக்கு அங்க வேலை இல்லை, ஆனா பிள்ளையின்ர குடலுக்குள்ள இருக்கிற கோடிக்கணக்கான பக்டீரியாவுக்கு மேல அது வேலை செய்யும், எதிர்ப்புள்ளது மிஞ்சும். மூண்டு நாள் குடுத்துக் காய்ச்சல் விட்ட உடன மிச்சத்தை அலுமாரியில வைச்சு அடுத்த முறை தம்பிக்குக் குடுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். கலக்கின பாணி லேபிளில போட்ட ஒண்டு ரெண்டு கிழமைக்கு மேல பாவிக்கக் கூடாத சாமான், குளிர்பெட்டி இல்லாத வீட்டில அதுவும் இல்லை. இதில ஒண்டை மாறி விளங்கக் கூடாது, வயலுக்க இறங்கிறவைக்கு எலிக்காய்ச்சல் வராமல் எம்.ஓ.எச் ஒஃபிசால, அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின்ர அலுவலகத்தால, குடுக்கிற டொக்சிசைக்கிளின் எண்ட அன்ரிபயோட்டிக் வேற கதை, அது ஆபத்தைப் பாத்துக் கணக்கோட குடுக்கிறது, அதைக் குடியுங்கோ, வீட்டில மிஞ்சினதைப் பிள்ளையளுக்கு மட்டும் குடுத்திடாதேங்கோ. உங்கட மச்சாளுக்குப் பயம் இருக்கிறது நல்லது, அந்தப் பயம் சவுக்காரப் போத்தலை விட இந்தப் பாணிப் போத்தலில கூட இருக்கோணும்.

இன்னொண்டு, கை கழுவாமல் விட்டா எதிர்ப்புக் கிருமி குறையாது, கூடும். வயித்தோட்டமும் நிமோனியாவும் பாதியாக் குறைஞ்ச வீட்டில அன்ரிபயோட்டிக் குடுக்கவேண்டி வாற தரமும் குறையும், எதிர்ப்புள்ள கிருமி ஒரு கையில இருந்து இன்னொரு கைக்குத் தாவுறதும் குறையும். அதால வட்சப் செய்தியைக் கேட்டுட்டு சவுக்காரமே வேண்டாம், சும்மா தண்ணியில அலம்பு எண்டு மட்டும் பிள்ளையளுக்குச் சொல்லிப் போடாதேங்கோ.

முன்பள்ளி ரீச்சரோட சண்டை பிடிக்கத் தேவையில்லை, அவ பிள்ளையளின்ர நன்மைக்குத்தான் கேட்டிருக்கிறா. சாதாரண ஹான்ட்வொஷோ சவுக்காரக் கட்டியோ கொண்டு வந்தாக் காணுமோ எண்டு கேளுங்கோ, கராச்சி ஆய்வை நான் சொன்னபடி சொல்லிக் காட்டுங்கோ. எல்லாரும் ஒரே கட்டியைப் பிடிச்சா கிருமி பரவும் எண்டு சொல்லுவினம். 1988ல வேணுமெண்டே கட்டிக்கு மேல கிருமியைப் பூசிப்போட்டு 16 பேரைக் கழுவ விட்டுப் பாத்தவை, கழுவின கையில அந்தக் கிருமி வரேல்லை. கட்டியைத் தண்ணி தேங்கிற கிண்ணத்தில ஊற விடாமல் ஓட்டை போட்ட தட்டில, இல்லாட்டி வலைப்பையில கட்டித் தொங்க விட்டாச் சரி. உண்மையாக் கவனிக்கவேண்டியது நிரப்பி நிரப்பிப் பாவிக்கிற போத்தல். பள்ளிக்கூடங்களில ஹான்ட்வொஷ் முடியிற நேரம் தண்ணி விட்டுக் கலக்கி, பழைய போத்தலுக்க மேலமேல ஊத்துறது வழமை. தண்ணி கலந்த உடன அதுக்குள்ள கிருமி வளராமல் காக்கிற சாமானும் ஐதாப் போயிடும், பேந்து அதுக்குள்ளயே சூடோமோனாஸ் வகைக் கிருமியள் வளரும். 2011ல வந்த ஆய்வு ஒண்டில, அமெரிக்காவில ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில அப்பிடிக் கிருமி பிடிச்ச ஹான்ட்வொஷால கழுவின பிள்ளையளினதும் அங்க வேலை செய்யிற ஆக்களினதும் கையில அந்த வகைக் கிருமி கழுவ முதல் இருந்ததை விட 26 மடங்கு கூட இருந்தது. அதால போத்தல் முடிஞ்சா கழுவி, வெயிலில வடிவாக் காய விட்டு நிரப்பச் சொல்லுங்கோ, தண்ணி விட்டு இழுக்க வேண்டாம். குழாய் இல்லாத இடமெண்டா மூடியில ஓட்டை போட்ட போத்தலைக் கயித்தில கட்டித் தொங்க விட்டாலே ஓடுற தண்ணி கிடைக்கும், கோப்பைக்குள்ள எல்லாரும் கை விடுறது கூடாது. சனிட்டைசரில இருக்கிறது அற்ககோல், 60 வீதத்துக்குக் குறையக் கூடாது, அது காய்ஞ்சு பறந்திடும், ட்ரைக்ளோசான் மாதிரி மண்ணில நிக்கிறேல்லை, தண்ணி இல்லாத இடத்துக்கு நல்லது. ஆனா மண் பிடிச்ச கையில வடிவா வேலை செய்யாது, முன்பள்ளிப் பிள்ளையள் குடிச்சிடுவினம், அதால ரீச்சரின்ர மேசையிலதான் இருக்கோணும்.

மகனுக்கு அடிக்கடி வயித்தால போறதுக்குச் சவுக்காரத்தை மாத்திறதை விட முதல் குடிதண்ணியைப் பாருங்கோ, மலசலகூடக் குழிக்கும் கிணத்துக்கும் எவ்வளவு தூரம், மாரியில வெள்ளம் கிணத்துக்க இறங்கிறதோ, பள்ளிக்கூடத்துக்குக் கொதிச்சாறின தண்ணி கொண்டுபோறாரோ. கிணத்துக்குக் குளோரின் போடுறதைப் பற்றி உங்கட பகுதிப் பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பாத்துச் சொல்லுவார், அது அவையின்ர வேலைதான். போற நேரத்தில ஜீவனி எண்ட உப்புக் கரைசல் தூளைக் கரைச்சுக் குடுங்கோ, பெரும்பாலான வயித்தோட்டத்துக்கு அன்ரிபயோட்டிக் தேவைப்படாது. மலத்தோட ரத்தம் போனா, பிள்ளை சோர்ந்து கண் உள்ள போனா, சலம் குறைஞ்சா வீட்டில வைச்சிருக்க வேண்டாம், உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

சின்னவளின்ர கால். வந்து வந்து போற சிரங்கெண்டா கன நேரம் அடியில சொறி இருக்கும், அது தோலுக்குள்ள குடியிருக்கிற ஒரு சின்னப் பூச்சி, இரவில கூடக் கடிக்கும், பிள்ளை சொறிஞ்சு சொறிஞ்சு தோல் உரிஞ்ச இடத்தில பக்டீரியா ஏறிக் கொப்புளமாகும். சொறிக்கு அன்ரிபக்டீரியல் சவுக்காரம் ஒண்டும் செய்யாது, பூசு மருந்து வீட்டில எல்லாரும் ஒரே நாளில பூசோணும், இல்லாட்டித் திரும்பித் திரும்பி வரும், உங்கட கதை எனக்கு அப்பிடித்தான் படுது, ஆனா நான் முதல் சொன்னபடி டொக்டர் பாத்துத்தான் சொல்லோணும். புண்ணைச் சாதாரண சவுக்காரமும் தண்ணியும் போட்டுக் கழுவி மூடி விடுங்கோ, நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கோ, டெட்டோலைத் தண்ணி கலக்காமல் புண்ணில ஊத்தாதேங்கோ, அது தோலை எரிச்சுப் புண் ஆறிறதைப் பிந்தப்பண்ணும். முந்தி ஒருக்கா மருந்து எடுத்தும் மாறேல்லை எண்டா, திரும்ப அதே மருந்தைப் பாமசியில வாங்காமல், சீழ் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பேலுமோ எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ, றிப்போட் வர ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். அடுத்த அன்ரிபயோட்டிக் தொடங்க முதல் எடுத்தாத்தான் கிருமி வடிவா வளரும், மருந்து உள்ள போன பேந்து எடுத்தா எங்களுக்குக் கன நேரம் வெறும் பிளேட்தான் வரும். சிரங்கு வந்து கொஞ்சக் கிழமையளுக்குள்ள முகம் வீங்கினாலோ சலம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில போனாலோ அது சிறுநீரகத்தைப் பிடிச்சிருக்கலாம், அண்டைக்கே கொண்டு போங்கோ, கிளினிக் நாள் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.